நாலு மில்லுக்கு ஒரு கூண்டு

அந்த ஓரத்தில் உட்காராதீர்கள் அம்மா. அங்கே ஃபேன் காற்று வராது. இப்படி வாருங்கள், தூணுக்கு இந்தப் பக்கம். இங்கிருந்து பார்த்தால் இன்ஸ்பெக்டர் மேடத்தின் அறைக் கதவு தெரியும். அதைவிட முக்கியம், கதவிலிருந்து பார்த்தால் நாம் தெரிவோம். நாம் அவர்களைப் பார்ப்பது பெரிதில்லை. அவர்கள் கண்ணில் நாம் பட வேண்டும். இந்த ஆபீசில் அதுதான் வேலை.

எந்த ஊர் நீங்கள்? தம்மம்பட்டியா? அப்பளக் கம்பெனியா? நல்லது. மாவு பிசைகிற மெஷினுக்கு மூடி போடச் சொல்லிவிட்டார்களா? போட்டாயிற்றா? போட்டோ எடுத்து வந்திருக்கிறீர்களா? சரி, அது பையிலேயே இருக்கட்டும். அவசரப்பட்டு நீட்டாதீர்கள். முதல் நாளே காரியம் முடிய வேண்டும் என்று நினைத்தால் அவர்களுக்குப் பிடிக்காது. இன்றைக்கு முகத்தைக் காட்டிவிட்டுப் போங்கள். அடுத்த வாரம் ஒரு தடவை வாருங்கள். அப்புறம் போட்டோ.

என் பெயர் கைலாசநாதன். ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ மில்லில் மேனேஜர். சேகோ என்றால் ஜவ்வரிசிதான், பாயசத்தில் போடுகிறோமே, அது. குச்சிக்கிழங்கை அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவைத்து, அடியில் தங்குகிற மாவை உருட்டி வறுத்துக் களத்தில் காயப்போட வேண்டும். மேனேஜர் என்றால் கிழங்கு வாங்குகிற மேனேஜர் இல்லை. ஆட்களை வேலை வாங்குகிறவனும் இல்லை. நான் இன்ஸ்பெக்‌ஷன் மேனேஜர். சிரிக்கிறீர்கள். அப்படி ஓர் உத்தியோகம் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் மில் ஓடாது.

யோசித்துப் பாருங்கள். தொழிற்சாலைக்கு ஓர் இன்ஸ்பெக்டர். தராசுக்கு முத்திரை போட ஒருவர். கழிவுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போக ஒருவர். மாவில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க ஒருவர். கரண்டுக்கு ஒருவர். ஆட்களின் சம்பளத்தைப் பார்க்க ஒருவர். ஒரு ஜீப் கிளப்பிவிட்ட தூசி அடங்குவதற்குள் அடுத்த ஜீப் வரும். வருவதும் எப்போது? தையிலும் மாசியிலும், கிழங்கு மலை மாதிரி வந்து விழுகிற நேரத்தில். ஆடியில் வந்தால் மில் பூட்டியிருக்கும், பார்க்க ஒன்றும் இருக்காதே. அதனால் எங்கள் மில்லுக்கு ஓடுகிற நாள் என்று தனியாக எதுவும் கிடையாது. இரண்டு இன்ஸ்பெக்‌ஷனுக்கு நடுவில் கிடைக்கிற சந்தில் ஓடும். அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்‌ஷன் என்றால் மெஷினை ஏன் நிறுத்த வேண்டும் என்கிறீர்களா? அம்மா, ஓர் அதிகாரி வருகிறார். மெஷினை ஓடவிட்டுக்கொண்டு நிற்பதா? மரியாதை என்று ஒன்று இல்லையா?

அது தணிகாசலம் சார் காலத்தில் வந்த பழக்கம். பழைய தொழிற்சாலை இன்ஸ்பெக்டர். பெரிய மனிதர், மீசையைப் பார்த்தாலே பேச்சு வராது. ஒரு நாள் அரவைக் கூடத்தில் நின்றுகொண்டு எங்கள் பெரிய முதலாளியிடம் ஏதோ கேட்டார். மெஷின் சத்தத்தில் காதில் விழவில்லை. கையைத் தூக்கினார். தூக்கியதும் ஃபோர்மேன் பயந்துபோய் ஸ்விட்சை அணைத்துவிட்டான். கூடம் அப்படியே அடங்கிப்போனது. அந்த அமைதியில் தணிகாசலம் சார் கேட்டார்: "எளநீ இருக்கா?"

கேட்டது இளநீர்தான். ஆனாலும் அவர் கை தூக்கினார், மெஷின் நின்றது, அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அதைப் பார்த்தவன் நான். அன்றிலிருந்து முக்குத் திருப்பத்தில் ஜீப் தெரிந்தால் மெஷின் நின்றுவிடும். எங்கள் மில் மட்டுமில்லை, அந்தச் சாலையில் இருக்கிற நாலு மில்லும் அப்படித்தான். அப்புறம் முதல் நாளே நிறுத்திக் கழுவுகிற வழக்கம் வந்தது. அதற்கும் முதல் நாள் சுண்ணாம்பு அடிக்கிற வழக்கம் வந்தது. ஆட்களைக் களத்துக்குப் பின்னால் அனுப்பிவைக்கிற வழக்கமும் வந்தது. தொட்டியில் பால் புளித்துப்போகும், மாவு மஞ்சளடித்துப்போகும், வியாபாரி விலையைக் குறைப்பான். என்ன செய்வது? அரசாங்கம் தொழிலை நடத்த விட்டால்தானே?

பெஞ்சியில் உட்காருவது வேறு பாடம். அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வறுவல் கூடத்துச் சுவரில் விரிசல் என்று தணிகாசலம் சார் மில்லை நிறுத்தச் சொல்லிவிட்டார். நாங்களும் உடனே கொத்தனாரை வைத்துச் சுவரையே புதிதாக எழுப்பிவிட்டோம். எழுப்பியாயிற்று, வந்து பார்க்கவும் என்று முறையாக ரிஜிஸ்டர் தபால் அனுப்பினோம். காத்திருந்தோம். தை போனது, மாசி போனது, பங்குனியும் போனது. விவசாயிகள் கிழங்கை வேறு ஊருக்கு ஏற்றினார்கள். சீசன் முடிந்த பிறகு ஒரு கல்யாண வீட்டில் தணிகாசலம் சாரைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: "நீங்க ஆபீஸ் பக்கம் வரவே இல்லையே. சரி, அவசரம் இல்லைபோலன்னு நெனச்சேன்."

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருப்பார். தபால் என்பது காகிதம். அதற்குக் கால் கிடையாது, மேஜையில் கிடக்கும். ஆள் வந்து உட்கார்ந்தால்தான் அது நகரும். அந்த வருஷமே பெரிய முதலாளி என்னைக் கூப்பிட்டு, "கைலாசம், இனிமே உனக்கு மில்லுல வேலை இல்லை, ஆபீஸ்லதான் வேலை" என்றார். இன்ஸ்பெக்‌ஷன் மேனேஜர் ஆனது அப்படித்தான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்தப் பெஞ்சி புதிது. முன்னால் மரப்பெஞ்சி இருந்தது, அது முதுகுக்கு நன்றாக இருந்தது.

தண்ணீர் வேண்டுமா? அந்த கேனில் வேண்டாம், இதைக் குடியுங்கள், வீட்டில் காய்ச்சியது.

இந்த மேடம் புதிது. போன வருஷம் வந்தார்கள். ஜெசிந்தா மேடம். சின்ன வயது. இளநீர் குடிக்க மாட்டார்கள். டீ குடிப்பார்கள், அதற்கும் காசை மேஜையில் வைத்துவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களோடு எப்படிப் பழகுவது, சொல்லுங்கள். பிடிக்க ஒரு பிடி வேண்டாமா?

இந்தத் தை மாதம்தான் அவர்கள் எங்கள் மில்லுக்கு வந்தது. நான் என் பக்கத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. முதல் நாளே மெஷினை நிறுத்தியாயிற்று. கழுவியாயிற்று. தீயணைக்கிற வாளிக்குப் புது சிவப்பு பெயின்ட். கூண்டும் வந்து சேர்ந்துவிட்டது.

கூண்டு என்றால், அரவை மெஷினின் பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் மேலே மூடுகிற இரும்பு வலை. ஆள் கை உள்ளே போகாமல் இருக்க. அது சட்டம். எங்கள் சாலையில் அதை முதலில் செய்தது பக்கத்து மில் நாச்சிமுத்துவின் அப்பா. மஞ்சள் பெயின்ட் அடித்து, பார்க்க லட்சணமாக இருக்கும். நாலு மில்லும் ஆளுக்கொரு கூண்டு செய்வானேன் என்று ஓர் ஏற்பாடு செய்தேன். கூண்டு ஒன்றுதான். இன்ஸ்பெக்டர் முதல் மில்லில் இளநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கூண்டு பின்கேட் வழியாக டெம்போவில் ஏறி அடுத்த மில்லுக்குப் போய்விடும். அவர் அங்கே போவதற்குள் மாட்டியிருக்கும். மெஷின்தான் நின்றிருக்குமே, அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கட்டுக்கம்பியில் கட்டிவிடலாம். அந்த ஏற்பாடு இத்தனை வருஷம் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. என்னைக் கேட்டால் இந்த ஜில்லாவிலேயே ஒழுங்காக ஓடினது அந்த ஒரு டெம்போதான்.

மேடம் வந்தார்கள். அரவைக் கூடத்துக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி:

"ஏன் மெஷின் நின்னிருக்கு?"

"உங்களுக்காகத்தான் மேடம்" என்றேன்.

"எனக்காகவா? நான் பார்க்க வந்ததே ஓடறதைத்தானே. ஓட்டுங்க."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை அம்மா. முதலாளியைப் பார்த்தேன். அர்த்தநாரி, பெரிய முதலாளியின் மகன். அவர் தரையைப் பார்த்தார். ஃபோர்மேன் என்னைப் பார்த்தான். மேடம் எல்லாரையும் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் ஸ்விட்சைப் போட்டான்.

எங்கள் மெஷினுக்கு ஒரு சத்தம் உண்டு. பெல்ட் பழசு. அறுந்த இடத்தில் இரும்புக் கிளிப் வைத்து ஒட்டுப் போட்டிருக்கும். அந்த ஒட்டு சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் ஒரு 'டக்'. ஓட்டம், ஒரு டக். ஓட்டம், ஒரு டக். ஊர் எல்லையில் நின்று கேட்டாலே எங்கள் மில் ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கு முதல் டக் வருவதற்கு முன்னால் பெல்ட் கூண்டில் உரசிவிட்டது. நாச்சிமுத்து மில் சக்கரத்துக்குச் செய்த கூண்டுதானே அது. கிறீச்சென்று ஒரு சத்தம், ரப்பர் தீய்கிற நாற்றம், புகை. ஃபோர்மேன் அணைத்தான். மேடம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார்கள். கட்டுக்கம்பியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

அதோடு போயிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். சரியாக அந்த நேரத்தில் டெம்போக்காரன் உள்ளே வந்து நிற்கிறான். மேடம் யாரென்று அவனுக்குத் தெரியாது. யாரோ ஆபீசில் வேலை பார்க்கிற பெண் என்று நினைத்துவிட்டான். "கூண்டைக் கழட்டியாச்சாங்க? அடுத்த மில்லுக்கு நேரமாச்சு" என்கிறான். நல்ல பையன்தான், வேலையில் கெட்டி. அந்த ஒரு நாள் கெட்டியாக இல்லாமல் இருந்திருக்கலாம்.

மேடம் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தணிகாசலம் சாராக இருந்தால் ஒரு சத்தம் போட்டிருப்பார், நாங்கள் காலில் விழுந்திருப்போம், முடிந்திருக்கும். இவர்கள் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி அந்த மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

அப்போதுதான் பாவாயி டீ கொண்டுவந்தாள்.

பாவாயி எங்கள் மில்லில் ரொம்ப நாளாக இருக்கிறவள். முன்னால் அரவையில் கிழங்கு தள்ளிக்கொண்டிருந்தாள். போன சீசனில் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. நாங்கள் கைவிடவில்லை அம்மா. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் முதலாளிதான் செய்தார். திரும்பி வந்ததும் டீ கொடுக்கிற வேலை, உட்கார்ந்த வேலை. மிச்சமிருக்கிற விரல்களால் டம்ளரை நன்றாகவே பிடிப்பாள், ஒரு சொட்டுச் சிந்தாது. ஆஸ்பத்திரியில் வீட்டில் நடந்தது என்று எழுதச் சொன்னது நான்தான். வேறு என்ன செய்வது? மில்லில் நடந்தது என்று எழுதினால் இன்ஸ்பெக்‌ஷன் வரும். மில் நிற்கும். அவளோடு சேர்த்து அறுபது பேருக்கு வேலை போகும். நான் எல்லாரையும் யோசிக்க வேண்டியவன். அவளும் சரி என்றுதான் சொன்னாள். சொன்னாளா, தலையை ஆட்டினாளா, ஏதோ ஒன்று.

மேடம் டம்ளரை வாங்கவில்லை. கையைப் பார்த்தார்கள்.

"இது எப்படி ஆச்சு?"

பாவாயி வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "வீட்லங்க மேடம். அருவாமனையில."

மேடம் என்னைப் பார்க்கவே இல்லை. அவளிடம், நீங்கள் முன்னால் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். பாவாயி மெஷினைக் காட்டினாள். அது எனக்கும் சரியாகத்தான் பட்டது. வேலை பார்த்த இடத்தைத்தானே காட்டினாள். கிழங்கு அடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். அதற்கு அவள் சொன்னாள்:

"கையில தள்ளுவோங்க. டக்குனு ஒரு சத்தம் வரும். அதுக்கு முன்னால கைய எடுத்துடணும்."

அவ்வளவுதான் சொன்னாள். மெஷினின் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் என்ன இருக்கிறது? ஆனால் மேடம் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்கள். பையிலிருந்து பேப்பரை எடுத்தார்கள். முடிந்தது. சரியான கூண்டு போடுகிற வரைக்கும் அரவை மெஷினை ஓட்டக் கூடாது என்று ஆர்டர். கூண்டுக்கும் சீல். எங்களுக்கும் இல்லை, மற்ற மூன்று மில்லுக்கும் இல்லை என்று ஆகிவிட்டது.

கிளம்பும்போது என்னிடம் சொன்னார்கள்: "உங்க சக்கரத்தை அளந்து கூண்டு செய்யுங்க. லேத் பட்டறையில சொன்னா ஒரு நாள் வேலை. மாட்டி, போட்டோ எடுத்து என் நம்பருக்கு அனுப்புங்க. சரியா இருந்தா அன்னைக்கே ஆர்டரை எடுத்துடறேன். நீங்க ஆபீசுக்கு அலைய வேண்டாம்."

நான் கும்பிட்டேன். எத்தனை அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். அலைய வேண்டாம் என்று எல்லா அதிகாரியும் சொல்வார்கள். அது ஒரு நாகரிகம். வீட்டுக்கு வந்த விருந்தாளி சாப்பாடு வேண்டாம் என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. வேண்டாம் என்றார்களே என்று இலை போடாமல் இருப்போமா?

மறுநாள் காலையே இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு மேடம் இல்லை. தேர்தல் வேலைப் பயிற்சி என்று போய்விட்டார்கள். அடுத்த நாள் கலெக்டர் ஆபீசில் மீட்டிங். அதற்கு அடுத்த நாள் ஜீப்புக்கு டீசல் இல்லை, அதனால் ஆபீசிலேயே இருந்தார்கள். நான் மகிழ்ந்துபோய் எழுந்து நின்றேன். என்னைப் பார்த்தார்கள். "கூண்டு செஞ்சாச்சா?" என்றார்கள். "மேடம் பார்த்து ஒரு வார்த்தை சொல்லணும்" என்றேன். "சொன்னேனே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

பார்த்தீர்களா? பிடி கொடுக்க மாட்டார்கள்.

மில்லில் என்ன நடந்தது என்கிறீர்களா? கிழங்கு பிடுங்கினால் காத்திருக்காது அம்மா. ஒரு நாள் பொறுக்கும், மறுநாள் உள்ளே கறுப்பு நரம்பு ஓடும், அப்புறம் அழுகல். கேட்டுக்கு வெளியே லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு விவசாயி முதலாளியின் சட்டையைப் பிடித்துவிட்டார், வயதானவர், விடமாட்டேன் என்கிறார். அவர் வீட்டில் அந்த மாதம் கல்யாணமாம். அவர் லோடு முழுக்க நாறிவிட்டது. நான் அப்போது இங்கே இருந்தேன். இருந்திருந்தால் அரசாங்கம் படுத்துகிற பாட்டை அவருக்கு எடுத்துச் சொல்லியிருப்பேன்.

முதலாளி போன் பண்ணி, லேத்தில் சொல்லிக் கூண்டு செய்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று தடுத்தேன். மேடம் மனசில் எந்த மாதிரிக் கூண்டு இருக்கிறது என்று தெரியாமல் நாம் ஒன்று செய்துவைத்தால், ஓஹோ, என்னைக் கேட்காமலே செய்துவிட்டாயா என்று ஆகிவிடும். அன்றைக்குச் சுவர் எழுப்பியவர்கள்தானே நாம்? என்ன ஆனது? அதையும் ஞாபகப்படுத்தினேன். அவர் போனை வைத்துவிட்டார்.

இதில் நாச்சிமுத்து செய்த வேலையைக் கேளுங்கள். எங்கள் மில்லிலிருந்து நேராக அவன் மில்லுக்குத்தான் மேடம் போனார்கள், அதே ஆர்டர். அவன் அன்று மத்தியானமே லேத்துக்குப் போய்விட்டான். புதுக் கூண்டு. மேடத்துக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ. ஓர் அதிகாரிக்கு வாட்ஸ்அப்பில்! காலை வணக்கம் அனுப்புகிற மாதிரி! நான் நினைத்தேன், தொலைந்தான் இவன் என்று. அதற்கு அடுத்த நாள் அவன் மில் ஓடுகிறது.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவனுக்கு மேலே யாரோ இருக்கிறார்கள். இல்லாமல் நடக்குமா? யாரென்றுதான் பிடிபடவில்லை. இங்கே இருக்கிற பியூனிடம் டீ வாங்கிக்கொடுத்துக் கேட்டுப் பார்த்தேன். அப்படி யாரும் இல்லை சார் என்கிறான். அந்த அளவுக்கு ரகசியமாக வைத்திருக்கிறார்கள்.

எங்கள் லாரியெல்லாம் அவன் கேட்டுக்குத் திரும்பிவிட்டது. ஆட்களும் போய்விட்டார்கள், ஒவ்வொருவராக. பாவாயியும் போனாள். அதுதான் எனக்கு ஆறவில்லை. உட்கார்ந்த வேலையை விட்டுவிட்டு அங்கே மறுபடியும் அரவையில் நிற்கிறாளாம். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க கூண்டு இருக்குதுங்க" என்றாளாம். நன்றி என்று ஒன்று வேண்டாமா, சொல்லுங்கள். அவளுக்காக ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தவன் நான்.

நேற்று சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். அர்த்தநாரி என்னைவிட இளையவர், என்னைப் பெயர் சொல்லமாட்டார், "மேனேஜர்" என்பார். "மேனேஜர், நாளைக்கு ஒரு நாள் பாருங்க. முடியலைன்னா மில்லை நாச்சிமுத்துகிட்டக் குத்தகைக்கு விட்டுடறேன். என்னால முடியலைங்க" என்றார். கண் சிவந்திருந்தது. தூக்கம் இல்லைபோல. அவர் அப்பா காலத்து மில். குத்தகைக்குப் போனால் எனக்கு அங்கே என்ன வேலை? நாச்சிமுத்துவுக்கு இன்ஸ்பெக்‌ஷன் மேனேஜர் தேவைப்படாது. அவனுக்குத்தான் மேலே ஆள் இருக்கிறதே. அதனால் இன்றைக்கு எப்படியும் வாங்கிவிட வேண்டும். காலையில் முதல் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

காலையில் நான் கிளம்பும்போதே மில் வாசலில் லேத்துக்காரர்கள் வெல்டிங் மெஷினை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்துவும் அளக்கிற டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளியோடு நின்றிருந்தான். என்னவென்று கேட்கவில்லை. மில் கேட் ரொம்ப நாளாகச் சரிந்து கிடக்கிறது, அதைப் பார்க்கிறார்கள்போல. மில் நின்றிருக்கிற நேரத்தில் ரிப்பேர் வேலையை முடித்துக்கொள்வது நல்லதுதான்.

கூப்பிடுகிறார்கள் அம்மா. உங்களைத்தான். போங்கள். செருப்பை வெளியே விட்டுவிடுங்கள், மேடம் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனாலும் விடுங்கள். போட்டோவை நீட்டாதீர்கள். ஞாபகம் இருக்கட்டும். முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள், போதும்.

என்ன, அதற்குள் வந்துவிட்டீர்கள்? திட்டினார்களா?

முடிந்துவிட்டதா? என்ன முடிந்தது? போட்டோவைக் காட்டினீர்கள், பார்த்தார்கள், அவ்வளவுதானா? ஆர்டரை எடுத்தாயிற்றா?

ஓ.

நீங்கள் முதலிலேயே சொல்லியிருக்கலாம். நான் பாட்டுக்கு உங்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பரவாயில்லை. யார் மூலமாகப் போனீர்கள்? சொல்ல வேண்டாம் என்றால் சொல்ல வேண்டாம். யாரும் இல்லையா? சரி. நாச்சிமுத்துவும் அப்படித்தான் சொல்கிறான்.

ஒரு நிமிஷம் அம்மா. முதலாளி போன்.

வணக்கம் முதலாளி. ஆமாங்க, இங்கதான். கதவு தெரியற மாதிரிதான் உட்கார்ந்திருக்கேன்... இல்லீங்க, இன்னும் பார்க்கலை. மேடம் உள்ளதான் இருக்காங்க... வந்துடறதா? எப்படிங்க முதலாளி, இவ்வளவு தூரம் வந்துட்டு... என்னங்க? சத்தமா இருக்குது, கேக்கலை... சரிங்க. சரிங்க. வச்சிடறேன்.

ஒன்றுமில்லை. "போதுங்க மேனேஜர், வந்துடுங்க, இனிமே மேடத்தைப் பார்க்க வேண்டாம்" என்கிறார். குரலில் கோபம் இல்லை. பாவம், சலித்துப்போய்விட்டார். மில்லை நம்பி இருக்கிறவர். நாமும் பாதியில் எழுந்து போய்விட்டால் அப்புறம் யார் இருக்கிறார்கள் அவருக்கு?

பின்னால் ஒரே சத்தம் அம்மா. மெஷின் சத்தம். நடுவில் ஒரு டக். அப்புறம் ஓட்டம், மறுபடியும் ஒரு டக். அசப்பில் எங்கள் மில் மாதிரியே இருந்தது. நாச்சிமுத்து மில் பக்கத்திலேயேதான் இருக்கிறது, அவன் சத்தமாக இருக்கும். அவன் பெல்ட்டிலும் ஒட்டுப் போட்டிருக்கும்.

இல்லை, நீங்கள் போங்கள். ஆத்தூர் பஸ் இப்போது வரும். நான் வரவில்லை. எங்கள் மெஷினா? என்னம்மா நீங்கள். நான் இன்னும் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், அது எப்படி ஓடும்?